யார் தைத்த போர்வை?

2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே வசிக்கும் அக்காவின் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். அக்கா பாட்டியாகப் போகிற நேரம். பிறக்கவிருந்த பேரக் குழந்தைக்காக அவள் ஒரு சிறிய குவில்ட் செய்துகொண்டிருந்தாள். அந்தப் போர்வையை முன்னிட்டு எங்களுக்குள் எழுந்த ஒரு வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

குவில்ட் என்பதை ஒட்டுப் போர்வை என்று சொல்லலாம். ஆனால் அது பாதிப் பொருளையே தரும். குவில்டுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே, வெட்டிய துணித் துண்டுகளை வடிவம் பார்த்து இணைத்த பரப்பு. நடுவே பஞ்சு. அடியில் ஒரு முழுத் துணி. இந்த மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல்தான் அதைக் குவில்ட் ஆக்குகிறது. அந்தத் தையல் இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரண்டுவிடும். தையல் இங்கே அழகாகவும் இருக்கிறது, ஆணியாகவும் இருக்கிறது.

மேல் பரப்புக்கான துணிகள் எங்கள் அம்மாவின் பழைய பருத்திப் புடவைகள். அம்மா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு சுங்குடி, ஒரு கட்டம் போட்ட கைத்தறி, நிறம் வெளுத்த ஒரு நீலப் புடவை. ஊரிலிருந்து நானே அவற்றைக் கொண்டு சென்றேன். பத்து அங்குலச் சதுரங்கள் பன்னிரண்டு, சுற்றிலும் கரை. பரப்பை அக்கா தன் வீட்டுத் தையல் இயந்திரத்தில் இணைத்து முடித்துவிட்டாள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு மட்டும், பக்கத்து ஊரில் துணிக்கடையோடு சேர்ந்த ஒரு கூடத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கணினிக் குவில்ட் இயந்திரத்தைப் பழகிக்கொள்ளத் தீர்மானித்திருந்தாள். துணைக்கு நானும் போனேன்.

போர்வை முடியும் தறுவாயில் அக்கா சொன்னாள்: “பின்னால ஒரு சின்னத் துணியில பேர் எழுதித் தைக்கறது இங்க வழக்கம் தம்பி. ஆனா கம்ப்யூட்டர் தைச்சதுக்கு என் பேரைப் போட்டுக்க மனசு ஒப்பலை.”

இலக்கியம் கற்பிக்கிறவனுக்கு இது பழகிய கேள்விதான். ஒரு படைப்பை எழுதியவர் யார் என்பதில் எங்கள் துறை பாதி ஆயுளைக் கழிக்கிறது. ஆனால் அன்று அக்காவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்தபின் படித்ததையும், அங்கே பார்த்ததையும் சேர்த்து அந்தப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

முதலில் இயந்திரம். அங்கே அதற்கு லாங்-ஆர்ம் என்று பெயர். நீண்ட கையுடைய தையல் இயந்திரம். சாதாரண இயந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், நாம் துணியை நகர்த்துவோம். இங்கே துணி பெரிய சட்டத்தில் உருளைகளுக்கிடையே தறியில் பாவு கட்டியதைப் போல விறைப்பாக நிற்கிறது. இயந்திரம் தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும், இடமும் வலமும் ஓடுகிறது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நாமே ஓட்டலாம். கணினி பொருத்தியதில் இரண்டு மோட்டார்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒன்று குறுக்கே நகர்த்துகிறது, மற்றொன்று நெடுக்கே. எந்த வளைவும் இந்த இரண்டு நகர்வுகளின் கூட்டுதான். திரையில் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அளவு சொல்லி, இடம் காட்டிவிட்டால் இயந்திரம் தானே தைத்துக்கொண்டு போகும். வளைவில் மெதுவாகச் சென்றாலும் நேர்கோட்டில் விரைந்தாலும் தையலின் நீளம் மாறாது.

இவ்வளவையும் கேட்டபோது கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றியது. முதல் நாள் முழுவதும் துணியைச் சட்டத்தில் ஏற்றுவதிலேயே கழிந்தது. அடித்துணி மேல் பரப்பைவிட நான்கு பக்கமும் சில அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். உருளையோடு சேர்ந்த கித்தானில் அதை நேர்கோட்டில் குத்தூசிகளால் பிணைக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தால் போர்வை முழுவதும் சாயும். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் அம்மாவின் புடவைகள். மேல் நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் ஒன்றையொன்று சரியான விசையில் இழுக்க வேண்டும். மேல் நூல் இறுகினால் அடி நூல் புள்ளிப் புள்ளியாக மேலே தெரியும். தளர்ந்தால் அடியில் கண்ணி கண்ணியாகத் தொங்கும். இந்த இழுபறியைக் கணினி சரிசெய்யாது. ஓரத்தில் சில அங்குலம் தைத்துப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, திருகைக் கால் சுற்று திருப்பித்தான் கண்டறிய வேண்டும். சொல்லிக்கொடுத்த மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டு துணியின் அடிப்பக்கத்தைத் தடவிச் சரி, தவறு என்றார்.

என்ன வடிவம் தைப்பது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. அம்மா மார்கழியில் போடும் ஒரு சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு ஒரே இழையாகச் சென்று, தொடங்கிய இடத்திலேயே முடிவது. குவில்ட் தையலுக்கும் இதுவே உத்தமமான வடிவம். நூல் அறுபடாமல் தொடர்ந்து போக வேண்டும் என்பதுதான் அங்கே முதல் விதி. நிறுத்தும் இடமெல்லாம் முடிச்சுப் போட வேண்டிய இடம். அக்கா கோலத்தைத் திரையில் விரலால் வரைந்தாள். மென்பொருள் அதைத் தையல் வழியாக மாற்றிக்கொண்டது.

கோலத்துக்கும் கணினிக்கும் இது முதல் சந்திப்பு அன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை ஒரு மொழியாகக் கொண்டு, அதற்குக் கணினி அறிவியலின் முறைப்படி இலக்கணம் வகுக்கும் ஆய்வை 1974-இல் வெளியிட்டார்கள். சிரோமணி தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்தவர். வாசலில் பெண்கள் கையால் போட்டு, மாலைக்குள் கால்களில் அழிந்துபோகும் வரைவுக்குள் ஒரு கணித ஒழுங்கு இருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த ஒழுங்கு இருப்பதால்தான் இயந்திரத்தால் அதைப் பின்தொடர முடிகிறது.

முதல் சதுரத்தைத் தைக்க நான்கு நிமிடங்கள் ஆயின. பார்த்தால் கோலம் ஒரு மூலையில் சதுரத்தைத் தாண்டிக் கரையில் ஏறியிருந்தது. எதிர் மூலையில் இடம் வெறுமையாகக் கிடந்தது. கோலத்தில் பிழையில்லை. சதுரம்தான் சதுரமாக இல்லை. பலமுறை துவைத்து நைந்த புடவைத் துணி தைக்கும்போது கால் அங்குலம் இழுபட்டு, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அக்கா திரையில் இரண்டு எதிர் மூலைகளை மட்டும் காட்டியிருந்தாள். மற்ற இரண்டையும் இயந்திரம் வடிவியல்படி ஊகித்துக்கொண்டது. மூதாட்டி சிரித்தார். ஊசியை நான்கு மூலைகளுக்கும் கையால் நகர்த்தி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும். அப்போது கணினி கோலத்தைத் துணியின் கோணலுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளும் என்றார். இருப்பது சதுரமன்று, அம்மாவின் புடவை என்பதை இயந்திரத்துக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு நிமிடத்தில் தைத்ததை நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தோம். நைந்த துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

*

இந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது? அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வயது. கணினி அதில் மிக இளையது.

தையல் 1846-ஐச் சேர்ந்தது. அமெரிக்கரான எலியாஸ் ஹோ அவ்வாண்டு செப்டம்பரில் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஊசியின் காது நுனியில் இருந்தது. ஊசி துணிக்குள் இறங்கியதும் அடியில் ஓர் ஓடம் இரண்டாம் நூலை அதன் கண்ணிக்குள் செலுத்தியது. இரண்டு நூல்கள் துணியின் நடுவே பின்னிப் பூட்டிக்கொள்ளும் இந்தத் தையலைத்தான் இன்றைய கணினி இயந்திரமும் தைக்கிறது. மேல் நூலுக்கும் பாபின் நூலுக்குமான அந்த இழுபறி ஹோவின் காலத்து இழுபறியே.

வடிவத்தைப் பின்தொடரும் உத்தி இன்னும் பழையது. பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் ஜோசுவே ஹெயில்மன் 1828 வாக்கில் ஒரு பூத்தையல் இயந்திரத்தை உருவாக்கினார். பெரிதாக வரைந்த படத்தின் கோடுகளைத் தொழிலாளி ஒரு கூர்முனையால் தடவிச் செல்வார். அதோடு இணைந்த நெம்புகோல் சட்டம் அதே அசைவைச் சிறிதாக்கித் துணிக்குக் கடத்தும். பல ஊசிகள் ஒரே நேரத்தில் ஒரே பூவைத் தைக்கும். இந்த நெம்புகோல் சட்டத்துக்குப் பான்டோகிராஃப் என்று பெயர். கணினி வருவதற்கு முந்தைய லாங்-ஆர்ம் இயந்திரங்களில், பின்புற மேசையில் விரித்த காகித வடிவத்தின் மேல் ஓர் ஒளிப்புள்ளியை நடத்திச் சென்று தைப்பார்கள். இன்றும் பலர் அப்படியே தைக்கிறார்கள். அந்தக் காகிதத்துக்குக் குவில்ட் உலகில் இன்றைக்கும் பான்டோகிராஃப் என்றே பெயர். கருவி போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் உத்தி லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளைச் சேர்ந்தது. அங்கே பசில் பூஷோன் 1725-இல் துளையிட்ட காகிதச் சுருளையும், மூன்று ஆண்டுகள் கழித்து ழான்-பாப்டிஸ்ட் ஃபால்கோன் துளையிட்ட அட்டைகளையும் தறிக்குப் பயன்படுத்தினார்கள். இந்த முயற்சிகளைத் திரட்டி 1804-இல் ஜக்கார்டு உருவாக்கிய பொறிதான் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியாக வந்து உட்கார்ந்தது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி உயர்ந்து இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் அப்படியே நிற்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளால் ஒரு பூவைச் சொல்லிவிட முடியும் என்று இந்த அட்டைகள் காட்டின. 1839-இல் ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு ஜக்கார்டின் உருவமே பட்டில் நெய்யப்பட்டது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் அதில் ஒரு பிரதியை வாங்கி வைத்திருந்தார். அவர் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரத்துக்கும் துளை அட்டைகளே கட்டளை. 1843-இல் அதைப் பற்றிக் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், அந்த இயந்திரத்தை விளக்க ஜக்கார்டின் தறியையே ஒப்புமையாகக் கொண்டார்.

ஆகவே கணினி துணிக்குள் நுழைந்த அந்நியர் என்று சொல்ல முடியாது. துணியிலிருந்து புறப்பட்டுப் போன ஓர் எண்ணம், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வேறு வேலைகள் பார்த்துவிட்டு, மோட்டாரும் திரையுமாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

*

பிறந்த வீடு என்றதும் எல்லாம் மங்கலமாக இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. லியோனுக்கு அருகே அம்ப்ளப்யுயி என்ற ஊரில் வளர்ந்த பார்தெலமி திமோனியே என்ற தையற்காரர், ஹோவுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1830-இல், ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் அவருடைய இயந்திரங்கள் சுமார் எண்பது படைவீரர் சீருடைகளைத் தைக்கத் தொடங்கின. 1831 ஜனவரியில் கைத்தையற்காரர்கள் கூட்டமாக வந்து அவற்றை உடைத்தெறிந்தார்கள். திமோனியே 1857-இல் வறுமையில் இறந்தார். உடைத்தவர்களை அறிவிலிகள் என்று எழுதுவது எளிது. அவர்கள் அஞ்சியது இயந்திரத் தையல் கலையா, இல்லையா என்பது குறித்து அன்று. மறுநாள் அடுப்பு எரியுமா என்பது குறித்து. இந்த அச்சத்தைத் தவிர்த்துவிட்டுக் கைத்தையலின் புனிதத்தைப் பற்றி மட்டும் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு.

அமெரிக்காவில் இயந்திரம் வீட்டுக்குள் வந்தது. ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்றார். 1856 முதல் அவருடைய நிறுவனம் தவணை முறையில் இயந்திரத்தை விற்றது. ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்கப் பகல் முழுவதும் உட்கார வேண்டியிருந்த குடும்பப் பெண்ணுக்கு அது கிடைத்தற்கரிய பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிக் குவில்ட்கள் சிலவற்றில் இயந்திரத் தையல் ஒளிக்கப்படவில்லை. மேலே பளிச்சென்று தெரியும்படி விடப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் இயந்திரம் இருக்கிறது என்று அந்தத் தையல் பெருமையோடு சொல்கிறது. கைத்தையல்தான் உண்மையானது என்ற எண்ணம் எப்போதும் இருந்ததன்று. இயந்திரம் எல்லோர் வீட்டுக்கும் வந்து மலிந்த பிறகு தோன்றியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோ, சிங்கர், ஜக்கார்டு, ஹெயில்மன், திமோனியே; தோற்றவருக்கும் வென்றவருக்கும் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா மிதித்த சிங்கர் இயந்திரத்தின் கழுத்தில் பொன்னெழுத்தில் பெயர் இருந்தது. அதில் அம்மா நாற்பது ஆண்டுகள் தைத்த எதிலும் அம்மாவின் பெயர் இல்லை.

*

கையால் தைத்த காலத்துக்குப் போனால் பெயர்கள் கிடைக்குமா? இன்றுள்ள ஐரோப்பியக் குவில்ட்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று, பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலித் தீவில் செய்யப்பட்டது. டிரிஸ்டன் என்ற காவிய வீரனின் கதை அதில் காட்சி காட்சியாகத் தைக்கப்பட்டு, உருவங்கள் மட்டும் பஞ்சடைத்துப் புடைக்க வைக்கப்பட்டுள்ளன. ஒரு பகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீரனின் பெயர் தெரியும். தைத்தவர்களின் பெயர் தெரியாது.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வங்காளத்தில் போர்த்துகீசியருக்காகச் செய்யப்பட்ட பெரிய பூத்தையல் போர்வைகள், மஞ்சள் மின்னும் காட்டுப் பட்டு நூலால் வேட்டையும் கப்பலும் புராணக் காட்சியும் நிறைத்துத் தைக்கப்பட்டவை, லிஸ்பன், லண்டன் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றிலும் பெயர் இல்லை. நம் சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை, சாயவேரும் அவுரியும் கொண்டு எழுதப்பட்ட சீட்டித் துணிகள் ஐரோப்பாவுக்குப் போய் மெத்தை விரிப்புகளாயின. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்தும் 1700, 1721 ஆண்டுகளில் சட்டம் இயற்றித் தடுத்தது. இவ்வளவு ஆரவாரத்தை எழுப்பிய அந்தத் துணிகளை எழுதிய கைகள் யாருடையவை? பின்னாளில் அமெரிக்கப் பெண்கள் சீட்டித் துணியின் பூக்களையும் பறவைகளையும் தனியே கத்தரித்து, வெண்துணியில் பதித்துக் குவில்ட் செய்தார்கள். முதலில் இந்தியச் சீட்டி, பிறகு அதைப் பார்த்து இங்கிலாந்தில் அச்சிட்டவை. ஒரு பறவையை எழுதியவர், கத்தரித்தவர், பதித்தவர், சுற்றித் தைத்தவர் என்று பல கைகள் அந்தப் போர்வைகளில் அடுக்கடுக்காக உள்ளன.

வங்காளத்தின் காந்தா தையலையும் சொல்ல வேண்டும். பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால், ஓட்டுத் தையலில் பெண்கள் செய்த போர்வை அது. அந்தச் சொல்லும் தமிழில் நாம் வழங்கும் கந்தை என்ற சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. வங்காளத்தில் அது கலைப் பொருளின் பெயராயிற்று. நம்மிடம் கிழிசலின் பெயராக நின்றுவிட்டது. சில காந்தாக்களில் தைத்தவள் தன் பெயரை நூலிலேயே எழுதி வைத்திருக்கிறாள். அவை விதிவிலக்கு.

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் கிடைக்காமல், அவர்கள் பாட்டில் ஆண்ட தொடரையே பெயராக வைத்துச் செம்புலப் பெயனீரார் என்பதுபோல் அழைக்கிறோம். அவர்களுக்காவது ஒரு தொடர் மிஞ்சியது. போர்வைக்காரிகளுக்கு அதுவும் இல்லை. கை தைத்தது என்பதனால் பெயர் நிலைத்துவிடவில்லை. வரலாறு இதில் எந்த ஐயத்துக்கும் இடம் வைக்கவில்லை.

*

பெயர் நிலைத்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஹாரியட் பவர்ஸ் 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் சிறு நிலம் வைத்துப் பிழைத்தவர். விவிலியக் காட்சிகளைப் பதினொரு கட்டங்களில் துணியால் வெட்டிப் பதித்து அவர் செய்த குவில்ட் 1886-இல் ஏதென்ஸ் என்ற ஊரின் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டபோது பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் கடும் நெருக்கடி வந்தது. பத்து டாலர் கேட்டார். ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டமும் என்ன காட்சி என்று விளக்கினார். ஸ்மித் அதை எழுதி வைத்தார். பிறகும் சில முறை பவர்ஸ் தன் போர்வையைப் பார்த்துப் போக வந்தார்.

அந்தக் குவில்ட் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. அதில் கைத்தையலும் உண்டு, இயந்திரத் தையலும் உண்டு. அதனால் அது பவர்ஸுடையது இல்லை என்று எவரும் சொன்னதில்லை. அவர் பெயர் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஊசியன்று. ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஒரு நூற்றாண்டு கழித்து அதே கேள்வி மறுபடி எழுந்தது. செயின்ட் லூயிஸிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரம் வருகிறது. 1985 முதல் அங்கே பெரிய குவில்ட் கண்காட்சி நடந்து வந்தது. 1989-இல் அதன் தலைசிறந்த பரிசை காரில் ப்ரையர் ஃபாலர்ட் தம் சூரிய கிரகணக் குவில்டுக்காகப் பெற்றார். இயந்திரத்தால் தைத்த குவில்ட் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. கையால் தைப்பவர்கள் பலர் கொதித்தார்கள். பத்தே ஆண்டுகளில் அது இருபதாம் நூற்றாண்டின் மிகச்சிறந்த நூறு அமெரிக்கக் குவில்ட்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று அந்நகரின் தேசியக் குவில்ட் அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளது. அன்று சண்டை இயந்திரத்தைக் கையால் ஓட்டியதற்காக. இன்று இயந்திரத்தைக் கையால் ஓட்டுகிறவர்கள், கணினி ஓட்டியதைப் பார்த்து அதே சொற்களைச் சொல்கிறார்கள்.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்களின் குவில்ட்களைக் காட்சிக்கு வைத்தது. உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளிலிருந்தும் பழந்துணிகளிலிருந்தும் செய்யப்பட்டவை. அங்கே ஒவ்வொரு போர்வைக்குக் கீழும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. 2006-இல் அவை அமெரிக்க அஞ்சல் தலைகளாகவும் வந்தன. அந்த ஊருக்கு இது நூற்றாண்டுப் பழைய வேலை. பெயர்ப் பலகைதான் புதிது.

*

அக்காவின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு குவில்டை ஒருவரே செய்தார் என்பது எந்தக் காலத்திலும் பெரும்பாலும் உண்மையாக இருந்ததில்லை. பழைய நாளில் ஒருத்தி இணைத்த பரப்பை, அண்டை வீட்டுப் பெண்கள் எல்லோரும் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். அந்தக் கைகளுக்கு இருந்த இடத்தில் இன்று இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன. வேறுபாடு இல்லாமல் இல்லை. அந்தப் பேச்சும் சிரிப்பும் மோட்டாருக்கு வராது. ஆனால் புடவையைத் தேர்ந்தது, எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பு என்று பார்த்தது, கோணிய சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொட்டுக் காட்டியது, பிழையைப் பிழை என்று கண்டு பிரித்தது ஆகியவற்றை ஒருத்தி செய்ய வேண்டியிருந்தது. பெயரை எழுதாமல் விட்டால் அடக்கம் ஆகாது. ஏற்கெனவே பெயரற்றுக் கிடக்கும் ஆயிரமாயிரம் போர்வைகளோடு இன்னொன்று சேரும். இயந்திரத்தின் மேல் மட்டும் அதைச் செய்தவர் பெயர் எஞ்சும்.

இவ்வளவு கோவையாக நான் அன்று பேசவில்லை. “எழுது அக்கா, ஆனா எல்லார் பேரையும் எழுது” என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளைத் துணியில் அழியாத மையால் நானே எழுதினேன். புடவைகள், கோலம் என்று போட்டு அம்மாவின் பெயர். இணைத்தது என்று போட்டு அக்காவின் பெயர். மூன்றடுக்குத் தையல், கணினி இயந்திரம். கற்றுத் தந்தவர் என்று அந்த மூதாட்டியின் பெயர், தமிழ் எழுத்தில். முதல் சதுரத்தைப் பிரித்தவர்கள் என்று எங்கள் இருவர் பெயரும். ஊர், ஆண்டு. அம்மாவுக்கு அந்தக் கோலத்தைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் பாட்டி. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் கோலம் என்ற வரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்தோம்.

பெயர்த் துணியை அடித்துணியோடு மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும். நூல் முன்பக்கம் தெரியக் கூடாது. அதை அந்த இயந்திரத்தில் செய்ய முடியாது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து கையாலேயே தைத்தாள். தையல் சற்றுக் கோணல்தான். பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.